பக்கவாத்தியக்காரனின் ஒரு வாரம்



ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் கிட்டார் வாசிக்கிறீங்கள், அது சரி. வேலைக்கு எங்க போறனீங்கள்?" கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். வாசிப்பதுதான் வேலை என்று நான் சொன்னதும் சிறிது நேரம் பேச்சு நின்றுவிடும். பிறகு, "அப்ப மிஸிஸ் வேலை செய்யிறாவோ?" என்று அடுத்த கேள்வி வரும். செய்கிறார். மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறார். அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

சென்ற மாதம் நம் சபையைச் சேர்ந்த ஓர் அக்கா இதே விஷயத்தை வேறு விதமாகக் கேட்டார். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. கணிதத்தில் கெட்டிக்காரன். கிட்டாரிலும் கெட்டிக்காரன். பொறியியல் படிப்பதா, ஜாஸ் இசை படிப்பதா என்று வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. "தம்பி, நீங்கள் ஒருக்கால் அவனோட கதையுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றார். என்ன சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நமது இதழுக்கு ஒரு கட்டுரை தரும்படி ஆசிரியர் குழுவும் கேட்டிருந்ததால், நவம்பர் மாதத்தின் ஒரு வாரத்தை அப்படியே எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். அறிவுரை சொல்வதைவிட அது உதவும். ஒரு சாதாரண வாரத்தைத்தான் எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை அது சாதாரண வாரமாக இல்லாமல் போயிற்று.

திங்கள்

நாங்கள் இருப்பது பிரைட்டனில். வீட்டிலிருந்து கடலுக்குப் பதினைந்து நிமிட நடை. இந்தக் கரையில் மணல் கிடையாது. வற்று நேரத்தில் மட்டும் கொஞ்சம் தலைகாட்டும். மற்றபடி எல்லாம் கூழாங்கல். அலை பின்வாங்கும்போது கற்கள் உருளும் ஓசை, பெரிய சட்டியில் அரிசி களைவது போல இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் கடலுக்குப் போவேன். இந்த ஊரில் குளிர்காலத்திலும் கடலில் நீந்துகிறவர்கள் உண்டு. இங்குள்ள நீச்சல் கழகம் 1860 இல் தொடங்கியது. நவம்பரில் தண்ணீர் பன்னிரண்டு பாகை அளவில் இருக்கும். ஐந்து நிமிடம் போதும். வெளியே வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்காவது விரல்கள் கிட்டாருக்கு உதவாது. ஆகையால் அந்த நேரத்தைக் கணக்குக்கு வைத்திருக்கிறேன்.

கணக்கு என்றால் பில் எழுதுவது, வராத பணத்தைப் பணிவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவது, அடுத்த மாதத்துக்கான நிகழ்ச்சிகளைத் தேடுவது. பெட்ரோல், நரம்பு, ரயில் சீட்டு ஆகியவற்றின் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். ஜனவரி 31 க்குள் வரிக்கணக்கு கொடுக்கவேண்டும். சுயதொழில் செய்பவனுக்கு அந்தத் தேதி நத்தாரைவிட நன்றாக நினைவிருக்கும்.

கடற்காற்றுக்கென்று ஒரு செலவும் உண்டு. உப்பு எல்லாவற்றையும் தின்னும். நரம்பு கறுத்துப்போகும், அம்ப்பின் திருகாணிகள் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் நரம்புகளைத் துணியால் துடைக்கவேண்டும். கரையோரம் நடந்தால் மேற்குக் கடற்பாலத்தின் எலும்புக்கூடு தண்ணீரில் நிற்பதைக் காணலாம். 1866 இல் திறந்து, 1975 இல் மூடி, 2003 இல் தீயில் எரிந்த பாலம். இப்போது இரும்புச் சட்டம் மட்டும் மிச்சம். அதைத் தாண்டும்போதெல்லாம் துணியை எடுத்தேனா என்று பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

மதியத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் சாதகம். மெட்ரோனோமை நான்கு அடிக்கும் தட்ட விடுவதில்லை. இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் தட்ட விடுகிறேன். முதல் அடியை நானே உள்ளுக்குள் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பார்க்கிறேன். இருபது வருடமாக இப்படித்தான். இந்த மூன்று மணி நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

செவ்வாய்

செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளியில் கற்பிக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை மூன்றரை வரை, ஆளுக்கு அரை மணி நேரம். கிட்டாரை மடியில் வைக்கவே தெரியாத ஏழு வயதுப் பிள்ளையும் வரும். என்னைவிட வேகமாக விரலோட்டும் பதினாறு வயதுப் பிள்ளையும் வரும். எனக்குத் தெரிந்த ஜாஸ் வாசிப்பவர்களில் கற்பிக்காதவர் அரிது. எங்கள் வீட்டு வாடகையில் என் பங்கு பெரும்பாலும் இந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் வருகிறது.

"முழுநேரக் கலைஞன் என்றால் வாசிக்க மட்டும்தானே வேண்டும்?" என்று நம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். அவளுக்கு வெஸ் மொன்ட்கோமரியின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக்காரர். இருபது வயதை ஒட்டித்தான் கிட்டாரைக் கருத்தாக எடுத்தார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகினார். பெரிய குடும்பம். பகலில் தொழிற்சாலையில் வேலை செய்து, இரவில் கிளப்புகளில் வாசித்தார். விரல்முனையில் பிக் வைத்து மீட்டாமல் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். அந்த மென்மையான நாதம் இன்றைக்கும் எங்களுக்குப் பாடம். உலகம் அவரை அறிந்துகொண்டபோது அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. 1968 இல், நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். ஆலையில் நின்ற அந்த வருடங்களிலும் அவர் கலைஞர்தான்.

புதன்

புதன்கிழமை இரவு ஒரு பப்பின் நிலவறையில் வாசிக்கிறோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நாங்கள் மூன்று பேர். முதல் ஒரு மணி நேரம் எங்களுடையது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம், வாசிக்கலாம். ஆளுக்கு ஐம்பது பவுணும் ஒரு தட்டுச் சாப்பாடும்.

ஜாஸ் என்றால் நினைத்தபடி வாசிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பழைய பாட்டுகள் பலவும் முப்பத்திரண்டு அளவைகளில் அமைந்தவை. எட்டு அளவைகளில் ஒரு பகுதி. அதே பகுதி மறுபடியும். பிறகு வேறோர் எட்டு. கடைசியில் முதல் பகுதி. இந்தச் சட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவர் கற்பனையாக வாசிப்போம். நம் கச்சேரிகளில் தாளச் சுற்று தவறாமல் கல்பனாசுரம் பாடுவதைக் கேட்டிருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இராது.

கிட்டார்க்காரன் தனியாக வாசிக்கும் நேரம் ஓர் இரவில் கால் பங்குகூட இராது. மீதி நேரமெல்லாம் பக்கவாத்தியம். சாக்ஸபோன்காரர் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு கோர்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள். அவர் நிறைய வாசிக்கும்போது நான் குறைவாக. அடிச்சுரத்தைப் பேஸ் வாத்தியத்துக்கு விட்டுவிடுகிறேன். மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் எனக்குப் போதும். இந்த இரண்டையும் கேட்டாலே பாட்டு எங்கே போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். இரண்டு விரலால் செய்யும் வேலை இது. எதை விடலாம் என்று அறிய எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

அன்றிரவு முன்பின் தெரியாத ஒரு பெண் பாட வந்தார். கை நடுங்கியது. பாட்டின் பெயரைச் சொன்னார், சுருதி தெரியவில்லை. மெதுவாக முனகச் சொல்லிக் கேட்டு, இடத்தைப் பிடித்துத் தொடங்கினோம். இரண்டாவது சுற்றில் அவர் ஓர் அளவை முந்திவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதே அளவையைத் தாண்டி அவரோடு போய்ச் சேர்ந்தோம். சபையிலிருந்த ஒருவருக்கும் தெரியாது. பாடியவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். முடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கீழே இறங்கினார்.

பிரெடி கிரீன் என்றொரு கிட்டார்க்காரர் இருந்தார். 1937 இல் கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் சேர்ந்து, 1987 இல் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது வருடம் அதிலேயே இருந்தார். அத்தனை வருடத்திலும் அவர் தனியாக வாசித்தது மிக அரிது. பெரும்பாலும் அம்ப் இல்லாமல், ஒரு அளவைக்கு நான்கு தட்டு. பித்தளை வாத்தியங்களின் முழக்கத்துக்குள்ளே கிட்டார் தனியாகக் காதில் விழாது. ஆனாலும் அந்தக் குழுவின் நடையைக் கட்டி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அவரைப் பற்றி நான் மாணவர்களிடம் அடிக்கடி பேசுவதுண்டு. சிலருக்கு அந்தக் கதை பிடிக்கும். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பக்கவாத்தியம் யாருக்குப் பொருந்தும் என்பது அந்த முகங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

வியாழன்

வியாழன் பிற்பகல் ஹோவ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேரம். இருபது நாற்காலி. சிலர் தூங்குவார்கள், சிலர் தொலைக்காட்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கோபிப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள், நாற்பதுகளின் பாட்டுகளை வாசிக்கிறேன். ஜாஸ்காரர்களின் அடிப்படைப் பாட்டுகளும் அவைதான். ஆகவே அங்கே நான் எதையும் குறைத்து வாசிப்பதில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பேசி நான் கேட்டதில்லை. கண்ணும் மூடியிருக்கும். ஆனால் வலக்கைச் சுட்டுவிரல் நாற்காலியின் கையில் தட்டிக்கொண்டே இருக்கும். நான் கொஞ்சம் வேகமெடுத்தால் அந்த விரல் எடுப்பதில்லை, தன் நடையிலேயே நிற்கும். ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்தவராம், தாதி சொன்னார். இப்போது வியாழக்கிழமைகளில் என் மெட்ரோனோம் அவர்தான்.

தாவீதை நாம் சங்கீதக்காரன் என்கிறோம், ராஜா என்கிறோம். அவருக்குக் கிடைத்த முதல் இசை வேலை என்ன என்று முதலாம் சாமுவேல் 16 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கலங்கிப்போயிருந்த ஒரு மனிதனுக்கு முன்னால் உட்கார்ந்து சுரமண்டலம் வாசிப்பது. மேடை இல்லை, கைதட்டல் இல்லை. கேட்கிறவருக்கு ஆறுதல் வரவேண்டும், அவ்வளவுதான். வியாழக்கிழமைக்குப் போகும் பஸ்ஸில் அந்த அதிகாரம் எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

வெள்ளி

நவம்பரில் நாலு மணிக்கே பொழுது சாயும். அந்த நேரத்தில் ஸ்டார்லிங் குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு மேல் வரும். நம்மூர் மைனாவின் உறவுக்காரர்கள் இவை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து, விரிந்து, சுருங்கி, ஒரு கறுப்புச் சேலையை உதறினாற்போல் திரும்பி, கடைசியில் கிழக்குப் பக்கத்துக் கடற்பாலத்தின் கீழே சட்டென்று அடங்கிவிடும். ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒவ்வொரு குருவியும் தனக்குப் பக்கத்திலுள்ள சில குருவிகளை மட்டும் கவனித்துப் பறக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மகள் பள்ளி விட்டு வந்ததும் இருவரும் போய்ப் பார்த்தோம். சிப்ஸ் வாங்கினோம். பாதியைக் கடற்காகம் கொண்டுபோயிற்று.

ஆறரைக்கு ஹோட்டலுக்குப் போனேன். கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ஹோட்டலின் உணவகத்தில் நானும் பேஸ் வாசிக்கும் ஒரு சிநேகிதியும் ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கிறோம். ஏழு முதல் பத்து வரை, ஆளுக்கு 140 பவுண். வாத்தியங்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது மேலாளர் வந்தார். புது வருடத்திலிருந்து நேரடி இசை இல்லை, செலவைக் குறைக்கிறார்கள் என்றார். நான்கு வார முன்னறிவிப்பு தரவேண்டும் என்று எழுத்தில் இருந்தது. அதற்குக் கூடுதலாகவே தந்தார்கள். பேச்சிலும் மரியாதை இருந்தது. சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை.

வாரம் 140 பவுண் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000. என் வருமானத்தில் அது சிறிய பங்கல்ல. மகளின் நீச்சல் வகுப்பு, காரின் இன்சூரன்ஸ், கோடையில் கனடாவுக்கு அம்மாவைப் பார்க்கப் போகும் சீட்டு என்று மனம் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. ஏழு மணிக்கு முதல் பாட்டைத் தொடங்கவேண்டும். சிநேகிதிக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மிக மெதுவான ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி, எண்ணத் தொடங்கினார்.

உணவகத்தில் வாசிப்பது எப்படி என்றால், பக்கத்து மேசையில் பேசுகிறவர் குரலை உயர்த்த வேண்டி வரக்கூடாது. அதே நேரம் யாராவது பேச்சை நிறுத்தினால் அங்கே நல்ல இசை இருக்கவேண்டும். பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. அன்றைக்கும் அப்படித்தான். பதினோராவது மேசையில் பிறந்தநாள் கேக் வந்தது, நாங்கள் பிறந்தநாள் பாட்டுக்கு மாறினோம், திரும்பவும் எங்கள் பாட்டுக்கு வந்தோம். வேலை பறிபோன செய்தியைக் கேட்ட கைகளால் நன்றாக வாசிக்க முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முடிந்தது. பல வருடச் சாதகத்தின் பயன் இப்படிப்பட்ட இரவில்தான் தெரிகிறது. மனம் வேறெங்கோ இருந்தாலும் கை தன் இடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டாவது மணியில் மனமும் வந்து சேர்ந்தது.

பத்து மணிக்கு அம்ப்பைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக வெளியேறும்போது சமையலறையில் வேலை செய்யும் மன்னார்க்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணை, ஜனவரியில இருந்து இல்லையாமே?" செய்தி எனக்கு வருமுன்னே சட்டி கழுவும் இடத்துக்குப் போயிருக்கிறது. ஓம் என்றேன். "வெள்ளிக்கிழமையில நான் எண்ணெய் டின்னை வச்சு இந்தக் கதவைத் திறந்து விடுறனான். நீங்கள் வாசிக்கேக்க நேரம் போறது தெரியிறேல்ல" என்றார். ஆறு வருடமாக அந்தக் கதவைப் பார்த்திருக்கிறேன். சூட்டுக்குத் திறந்து வைக்கிறார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். அன்றைக்கு அவர் ஒரு பொதி பொரித்த மீனைத் தாளில் சுற்றிக் கையில் தந்தார். அதை மனைவியும் நானும் நடு இரவில் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டோம். 7,000 பவுணைப் பற்றியும் அங்கேதான் பேசினோம். அவர் பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். "ஜனவரி வரட்டும் பாப்பம். இன்னொரு பள்ளிக்கூடம் கேட்டதெல்லோ?" என்றார்.

சனி

சனிக்கிழமை ஒரு திருமணம். லூயிஸ் ஊருக்கு அப்பால், பழைய களஞ்சியசாலை ஒன்றை மண்டபமாக்கியிருக்கிறார்கள். பகல் இரண்டரைக்குப் போய் இறங்கினோம். விருந்தினர் வரும்போது மெல்லிய இசை, பிறகு பேச்சுகள். பேச்சுகள் எந்தத் திருமணத்திலும் குறித்த நேரத்துக்கு முடிவதில்லை, நம் திருமணங்களிலும் அப்படித்தானே. நாங்கள் நடைபாதையில் வைத்துச் சாப்பிட்டோம். மணமக்களின் முதல் நடனத்துக்கு அவர்கள் கேட்ட ஒரு பாட்டை நாங்கள் அந்த வாரம் பழகியிருந்தோம். இனி அதை ஒருபோதும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் அவர்களுக்கு அது வாழ்நாளுக்கும் ஒரு முறை, ஆகவே குறையில்லாமல் இருக்கவேண்டும்.

"மது ஓடும் இடங்களில் வாசிப்பது சரியா?" என்று நம் பெரியவர்கள் சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. நான் குடிப்பதில்லை. வேலைக்குப் போகிறேன், வேலை செய்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். அதே மண்டபத்தில் பரிமாறுகிறவரும் துப்புரவு செய்கிறவரும் அப்படித்தான். ஆனால் ஒன்றைத் தம்பிமாருக்குத் திறந்து சொல்கிறேன். இரவு வேலையில் சோர்வும் தனிமையும் உண்டு. எல்லோரும் கொண்டாடும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், எல்லோரும் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் தனியாக இருப்பீர்கள். அதில் சறுக்கி விழுந்த திறமைசாலிகளை நான் கண்டிருக்கிறேன். இதற்குப் போகிறவனுக்குக் கேட்க ஒரு வீடும், தேட ஒரு சபையும் இருக்கவேண்டும்.

நள்ளிரவு தாண்டி ஒன்றே காலுக்கு வீடு வந்தேன். கதவைத் திறக்குமுன் தெருவில் நின்று கேட்டால் கடலின் இரைச்சல் கேட்கும்.

ஞாயிறு

ஞாயிறு காலை நம் சபைக்கு வரும் ரயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாதை வேலை நடக்கிறதென்று பாதி வழிக்குப் பஸ். மகள் என் தோளில் தூங்கினாள், நான் கிட்டார் பையின்மேல் தூங்கினேன்.

சபையில் கீர்த்தனைக்கு வாசிப்பது எனக்கு வாரத்தின் கடினமான வேலைகளில் ஒன்று. நம் கீர்த்தனைகள் இராகத்தில் கட்டப்பட்டவை. அன்ரிமார் பாடும்போது ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்த இடத்தில் கிட்டார்க்காரன் முழுக் கோர்டை அழுத்தினால் இராகத்துக்கு ஆணி அடித்தது போலாகிவிடும். ஜாஸில் நான் விடவே விடாத மூன்றாம் சுரத்தை இங்கே பல இடங்களில் விட்டுவிடுகிறேன். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், தம்புராவைப் போல. வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்வரிசையில் இருக்கும் எண்பது வயது அம்மா. மூன்றாவது சரணத்தில் அவர் மெதுவாகப் போனால் சபை முழுவதும் மெதுவாகப் போகும், நானும் போவேன். புதன்கிழமை நிலவறையில் செய்த அதே வேலைதான் இது.

தேவாலயமும் ஜாஸும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயப் பாட்டிலிருந்து ஜாஸ் நிறையப் பெற்றிருக்கிறது. டியூக் எலிங்டன் தம் பரிசுத்த இசை நிகழ்ச்சியை முதன்முதலில் 1965 இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் நடத்தினார். அடுத்த வருடம் இங்கிலாந்தின் கொவென்ட்ரி பேராலயத்திலும் வாசித்தார். அவரும் வாழ்நாள் முழுவதும் நடன மண்டபங்களுக்கும் கிளப்புகளுக்கும் வாசித்தவர்தான்.

இனி அந்த அக்காவுக்கு நான் தரவேண்டிய பதில்.

என் அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்து எங்களை வளர்த்தவர். நான் இசை படிக்கப் போகிறேன் என்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சோறு போடுமோ?" இன்றைக்கு அவர் இல்லை. இருந்தால் சொல்வேன்: போடும், அப்பா. ஆனால் ஏழு நாளும் ஏழு சட்டியிலிருந்து அள்ளிச் சேர்த்த சோறு. அதில் ஒரு சட்டி எப்போது கவிழும் என்று முன்கூட்டித் தெரியாது. கவிழ்ந்த வாரத்தில் வீட்டில் இன்னொருவரின் நிலையான சம்பளம் தாங்குகிறது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் "உன் கனவைப் பின்பற்று" என்று சொல்வது நேர்மையாகாது.

அக்கா, உங்கள் மகனிடம் போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். அவனுக்குத் திறமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் திறமை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவு போல ஒன்று வரும். யாரும் கேட்காத இடத்தில், நாளைக்கு இல்லாமல் போகப்போகும் வேலையை, அடுத்தவர் வாசிப்பு நன்றாக அமையவேண்டும் என்ற ஒரே கவனத்தோடு மூன்று மணி நேரம் செய்யவேண்டும். அப்படிச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவனுக்குள் கொஞ்சமாவது மகிழ்ச்சி இருந்தால் இந்த வாழ்க்கை அவனுக்குப் பொருந்தும். இல்லையென்றால் பொறியியல் படித்துக்கொண்டு சபையில் அழகாக வாசிக்கலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

அதை அவன் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்து பார்க்கவேண்டும். ஆகவே தம்பி, உனக்கே எழுதுகிறேன். நத்தார் வரைக்கும் நம் பாடகர் குழுவுக்குப் பக்கவாத்தியம் வாசி. ஒரு பாட்டிலும் தனி வாசிப்பு வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை என்னோடு ஹோவுக்கு வா. மூன்றாவது வரிசைப் பெரியவரின் விரலுக்கு நேரே உன்னை உட்கார வைக்கிறேன். டிசம்பரில் எனக்கு நான்கு சனிக்கிழமையும் நிகழ்ச்சி இருக்கிறது. ஒன்றுக்கு நீயும் வந்து அம்ப்பைத் தூக்கு, நடைபாதையில் சாப்பிடு, நள்ளிரவில் என்னோடு காரில் திரும்பு. மறுநாள் காலை ஆராதனைக்குக் கண்விழித்து வா. ஒரு நாள் அம்மாவையும் புதன்கிழமைக்குக் கூட்டிவா. படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து. முன் மேசையில் இடம் பிடித்து வைக்கிறேன், தேநீரும் கிடைக்கும்.

கணிதப் பாடத்தை மட்டும் இதற்காக விட்டுவிடாதே. பன்னிரண்டு சுருதியையும் முப்பத்திரண்டு அளவைகளையும் எண்ணுவதற்கும் அது வேண்டும், ஜனவரி 31 க்கும் வேண்டும்.